பிக்கப் சீட்டுக்குப் பின்னால் சப்வூஃபர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

காருக்கு டிக்கி இருக்கிறது; பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரை மாட்டிய பாக்ஸ் பெரிதானாலும் உள்ளே தள்ளிவிடலாம். பிக்கப்பில் அந்த வசதி கிடையாது. பின்சீட்டின் சாய்மானத்துக்கும் கேபினின் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். மேலே ஒடுங்கிக் கீழே கொஞ்சம் விரியும். பல வண்டிகளில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும். ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற டபுள் கேப் வண்டிகளில் அளவு மாறுமே தவிர, இடத்தின் குணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தச் சந்துக்கென்றே சில கோளாறுகள் உண்டு. காரில் பாக்ஸ் மாட்டிப் பழகிய கைக்கு அவை சட்டென்று பிடிபடாது. நல்ல ஆம்ப்பையும் (ஆம்ப்ளிஃபயர்) நல்ல சப்வூஃபரையும் சரியில்லை என்று கழற்றி விற்றுவிட்டு, புதிது வாங்கி மாட்டிய பிறகும் அதே கோளாறோடு வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், பென் டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று, ஊதுபத்தி, நல்ல வெளிச்சம் தரும் டார்ச், 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை டோன் எழுப்பும் செயலி உள்ள செல்போன். ஒயரைக் கழற்றவோ முறுக்கவோ வேண்டுமென்றால் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். அளந்து பார்க்கும்போது மட்டும் திரும்ப மாட்டினால் போதும்.

ஆம்ப்பில் விளக்கே எரியவில்லை

ஆம்ப்பில் மூன்று முனைகள் முக்கியம்: பேட்டரி பிளஸ், எர்த், ஆம்ப்பை இயக்கவும் அணைக்கவும் சொல்லும் ரிமோட். மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பைப் பிளஸில் வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் கறுப்பு முனையை மட்டும் எடுத்து, கேபினில் பெயின்ட் இல்லாத வேறொரு இரும்பில் தொட்டுப் பாருங்கள். இப்போது 12 வந்தால் பிளஸ் நன்றாக இருக்கிறது, எர்த் விட்டிருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் பேட்டரி பக்கத்து பியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். பியூஸின் இரு பக்கமும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

ரிமோட் முனையில் ஸ்டீரியோ செட் ஓடும்போது 12 வோல்ட், அணைத்தால் பூஜ்யம். வண்டியோடு வரும் கம்பெனி செட்டில் பெரும்பாலும் ரிமோட்டுக்குத் தனி ஒயர் வராது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பியூஸ் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்பு விளக்கு, அதாவது புரொடெக்ட் விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். விளக்கு சரியாகிவிட்டால் கோளாறு பாக்ஸ் பக்கம். ஒயர் எங்காவது பாடியில் தொடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஓம்ஸ் (மின்தடை) கணக்கைப் பாருங்கள். இரட்டைச் சுருள் கொண்ட 4 ஓம்ஸ் சப்வூஃபரைத் தொடராக இணைத்தால் 8 ஓம்ஸ், இணையாக இணைத்தால் 2 ஓம்ஸ். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்த) இரண்டு சேனல் ஆம்ப்களில் பெரும்பாலானவை 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. மீட்டரில் அளக்கும்போது 4 ஓம்ஸ் சுருள் 3.2, 3.5 என்று கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அது கோளாறு கிடையாது.

சத்தம் ஏற்றினால் ஆம்ப் அணைகிறது, குறைத்தால் திரும்ப வருகிறது

பிக்கப்பில் அதிகம் வரும் புகார் இதுதான். பத்தில் எட்டு பேர் ஆம்ப்பைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் எர்த்தைத்தான் சந்தேகிப்பேன், அதற்குக் காரணம் வண்டியின் அமைப்பு.

காரில் பாடியும் அடிச்சட்டமும் ஒரே இரும்பு. பிக்கப்பில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் ரப்பர் புஷ் வைத்துக் கேபின், பின்னால் தனியாகத் தொட்டி. ரப்பர் அதிர்வைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. கேபின், எஞ்சின், சேசிஸ் மூன்றையும் மின்னால் சேர்த்து வைப்பது பின்னல் பட்டைகளும் சில எர்த் ஒயர்களும்தான். விளக்குக்கும் வைப்பருக்கும் அது தாராளம். 40, 50 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்புக்குப் போதாமல் போகலாம். பட்டை துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். சேசிஸ்தானே கனமான இரும்பு என்று தரையில் துளை போட்டு அங்கே எர்த் கொடுத்தவர்களும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதிப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, செல்போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோனைக் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை ஆம்ப்பின் எர்த்தில், மறுமுனை நீளமான ஒயர் ஒன்றால் பேட்டரியின் மைனஸில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு உறுதி. எந்த இடம் என்று தெரிய, பாதையை இரண்டு பகுதியாகப் பிரித்து அளந்து பாருங்கள். ஆம்ப்பின் எர்த் முனைக்கும் போல்ட் பக்கத்தில் சுரண்டிய கேபின் இரும்புக்கும் இடையே அளங்கள். அங்கே வோல்ட் அதிகமென்றால் ஒயர், அதன் நுனியில் உள்ள லக், போல்ட் இவற்றில் கோளாறு. அங்கே குறைவாக இருந்து, கேபின் இரும்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அதிகமாக இருந்தால் பட்டை போதவில்லை.

முதல் வகைக்கு: பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள், பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். எர்த் ஒயர் 45 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்கு எடுக்கவே கூடாது. அது உயிரைத் தாங்கும் போல்ட்; அதன் இறுக்கத்தில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது வகைக்கு: பிளஸ் ஒயரின் அதே தடிமனில் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து கேபின் பாடிக்கு இழுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் மைனஸ் முனையிலேயே ஒரு சென்சார் இருக்கும். அப்படியானால் ஒயரை முனையில் மாட்டாமல், சென்சாரைத் தாண்டிப் பாடியில் சேரும் இடத்தில் மாட்டுங்கள். இல்லையென்றால் சென்சாரின் கணக்கு தவறும்.

எர்த் சரியாக இருந்தும் அணைகிறதா? அப்படியென்றால் பிளஸ் ஒயர். 500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். முன் பானெட்டிலிருந்து பின்சீட்டு வரை ஒயர் 5 மீட்டருக்குக் குறையாது. அதற்கு 4 கேஜ் செம்பு வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். ஓர் இழையை வெட்டி, வெட்டுமுகத்தை டார்ச்சில் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதைத்தான் போட வேண்டுமென்றால் ஓர் அளவு தடிமனாகப் போடுங்கள்.

இந்த ஒயரின் பியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பானெட்டிலிருந்து கேபினுக்குள் நுழையும் இரும்புச் சுவரில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை நுழைக்காதீர்கள். இரும்பு விளிம்பு நாளடைவில் உறையை அறுக்கும். அங்கே ஷார்ட் ஆனால், பியூஸ் இல்லாத ஒயர் தீப்பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் பேஸில் உயிர் இல்லை

முதல் சந்தேகம் பிளஸ் மைனஸ் மாறியது. பாக்ஸின் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் செல்லைச் சட்டென்று தொட்டு எடுங்கள். பிளஸுக்குப் பிளஸ் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு சப்வூஃபர் இருந்து, ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இரட்டைச் சுருளில் ஒரு சுருள் மட்டும் மாறியிருந்தாலும் இதே கதிதான்.

அது சரியென்றால் ஆம்ப்பில் உள்ள ஃபேஸ் (phase) சுவிட்சை, அதாவது கூம்பின் அசைவைத் தலைகீழாக்கும் சுவிட்சை, 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும், கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் திருகை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

கம்பெனி செட்டில் இன்னொரு விஷயம். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸ் நன்றாக இருந்து, ஏற்ற ஏற்றக் குரல் மட்டும் வளர்ந்து பேஸ் பின்தங்கினால் அது செட்டின் வேலை. கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, பல கம்பெனி செட்டுகள் தாமாகவே பேஸைக் குறைத்துக்கொள்ளும். செட்டை நடுத்தர அளவில் வைத்து, ஆம்ப்பின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) அதற்கேற்ப ஏற்றுவது செலவில்லாத வழி. இழந்த பேஸை மீட்டுத்தரும் டிஎஸ்பி என்ற கருவியைப் போடுவது செலவுள்ள வழி. சிக்னல் எடுக்கும்போது கவனம்: கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயரை எர்த் என்று நினைத்துப் பாடியோடு சேர்த்துவிடாதீர்கள், செட்டே போய்விடலாம். ஸ்பீக்கர் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் ஹை-லோ கன்வெர்டர் போட்டு எடுங்கள்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. மூடிய பாக்ஸில் கூம்பை இரு உள்ளங்கைகளால் மெல்ல, நேராக அழுத்திவிட்டு விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பாக்ஸ் இறுக்கம். உடனே துள்ளி வந்தால் கசிகிறது. எங்கே என்று ஊதுபத்தி காட்டும். 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மூலை மூலையாக, ஒயர் நுழையும் துளை, சப்வூஃபரின் வளையம் என்று புகையைக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை எந்த இடத்தில் நடுங்கிச் சிதறுகிறதோ அங்கே ஓட்டை. தீப்பொறி ரெக்சினிலோ சீட்டிலோ பட்டுவிடாமல், பாக்ஸை வெளியே வைத்துச் செய்வது நல்லது.

ஒரே நோட்டில் மட்டும் முழங்குகிறது

எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே "தும்ம்". தவிலின் தொப்பிக்கும் பேஸ் கிடாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாக்ஸின் கொள்ளளவு போதவில்லை என்பதற்கு இது அடையாளம். ஆப்பு வடிவப் பாக்ஸில் வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுவது சுலபம். ஓர் எடுத்துக்காட்டு: அகலம் 1000, உயரம் 380, கீழ் ஆழம் 180, மேல் ஆழம் 110 மில்லிமீட்டர். வெளியே பார்த்தால் 55 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகை என்றால் ஒவ்வொரு திசையிலும் 36 கழிய வேண்டும். உள்ளே 964, 344, ஆழத்தின் சராசரி 109. பெருக்கினால் 36 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு பலகைக்கே போய்விட்டது. சப்வூஃபரின் சொந்தப் பருமனும் நடுவில் வைத்த தாங்குகட்டையும் அதிலும் கழியும்.

10 அங்குல ஆழம் குறைந்த சப்வூஃபர்கள் பலவற்றுக்கு மூடிய பாக்ஸில் 14 முதல் 20 லிட்டர் கேட்பார்கள். உங்களுடையதன் விவரத் தாளைப் பார்த்து ஒப்பிடுங்கள். கொஞ்சம்தான் குறைகிறதென்றால் தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சை உதிர்த்து, இறுக்காமல் நிரப்புங்கள். பாக்ஸ் சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். ரொம்பக் குறைகிறதென்றால் பஞ்சு காப்பாற்றாது. இரண்டு 10 அங்குலத்தை ஒன்றாக்குங்கள், அல்லது 8 அங்குலத்துக்கு இறங்குங்கள். இறங்குவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிக்கப்பின் கேபின் சிறியது. அதன் நீளம் இரண்டு மீட்டர் என்றால் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் இந்த இடத்துக்குத் துளையில்லாத மூடிய பாக்ஸையே நான் சொல்வேன்.

கூம்பு எதிலோ இடிக்கிற சத்தம்

சத்தம் ஏற்றும்போது "டப்" என்று கெட்டியாக ஒன்று. சீட்டை மடக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் சீட்டின் பின்பலகைதான் கூம்பின் விளிம்பில் தட்டுகிறது. கூம்பு முன்னே வரும் தூரத்தோடு சேர்த்து, குறைந்தது 30 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஆள் உட்கார்ந்ததும் சாய்மானம் எவ்வளவு பின்னே அமுங்குகிறது என்று ஒருவரை உட்காரச் சொல்லி அளக்க வேண்டும். காலிச் சீட்டின் அளவை நம்பக் கூடாது.

சீட்டை மடக்கிய பிறகும் தட்டினால் காந்தத்தின் பின்பக்கம் பாருங்கள். நடுவில் காற்றுத் துளை உள்ள காந்தமென்றால் பாக்ஸின் பின்பலகைக்கும் அதற்கும் இடையே 25 மில்லிமீட்டராவது வேண்டும். இரண்டிலும் இடைவெளி இருந்தும் தட்டினால் கெயின் அதிகம். கெயினை மீட்டரால் வைக்கலாம்: பாக்ஸைக் கழற்றிவிட்டு, செட்டை முக்கால் அளவில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். 4 ஓம்ஸில் 300 வாட் வேண்டுமென்றால் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் 34.6 ஏசி வோல்ட், 2 ஓம்ஸில் 24.5. அந்த எண் வந்ததும் திருகை நிறுத்துங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

எஞ்சினோடு சேர்ந்து ஊளையிடுகிறது

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டரின் சத்தம். செட்டிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்பில் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது ஆர்சிஏ வழியாகத்தான் வருகிறது: பிளஸ் ஒயர் ஒரு பக்கக் கதவோரமும் ஆர்சிஏ மறுபக்கமும் போக வேண்டும். நிற்காவிட்டால் மேலே சொன்ன எர்த் சோதனைக்குத் திரும்புங்கள். சத்தத்தை அடக்குவதற்கென்று விற்கும் ஃபில்டரை வாங்கும் முன் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்.

பின்சுவர் கடகடக்கிறது

பேஸ் வந்ததும் வண்டி முழுக்கத் தகரம் போலச் சத்தம். ஒருவர் ஓட்டுநர் சீட்டில் இருந்து 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை டோனை மெல்ல நகர்த்த, இன்னொருவர் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கை வைத்ததும் சத்தம் நிற்கிறதோ அங்கே வேலை. ஜாக்கியில் தொடங்குங்கள், அதைத் துணியில் சுற்றித் தாங்கியில் நன்றாக இறுக்குங்கள். அப்புறம் சீட்டின் பூட்டுக் கொக்கி, பின்கண்ணாடிக்கு மேலுள்ள பிரேக் விளக்கின் மூடி, பின்சுவரின் பிளாஸ்டிக் கிளிப்புகள். இவை எல்லாம் முடிந்த பிறகுதான், அதிர்வை அடக்கும் பியூட்டைல் தாள் ஒட்டும் வேலை. தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. அகலமாகத் தட்டையாக இருக்கும் பகுதிகளின் நடுவில் ஒட்டினாலே அதிர்வு அடங்கும்.

பாக்ஸ் வைத்ததிலிருந்து கதவை அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது

இதைப் பலர் பாக்ஸோடு தொடர்புபடுத்துவதே இல்லை. கதவை மூடும்போது உள்ளே அமுங்கும் காற்று வெளியேற வண்டியில் மெல்லிய ரப்பர் மடல்கள் உள்ள திறப்பு இருக்கும். பல பிக்கப்புகளில் அது பின்சீட்டுக்குப் பின்னால், கேபினின் பின்சுவரில்தான். பாக்ஸையோ பியூட்டைல் தாளையோ கொண்டு அதை அடைத்துவிட்டால் கதவு காற்றோடு மல்லுக்கட்டும். ஏசி காற்றும் மந்தமாகும், பழைய காற்று வெளியே போனால்தானே புதியது வரும். ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். லேசாகச் சாத்தினால் இதுதான் காரணம். பாக்ஸை இரண்டு விரல் அளவு முன்னே நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சீட் பூட்டவில்லை

அழுத்தித் தள்ளினால் பூட்டிக்கொள்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கக் கொக்கியும் "கிளிக்" என்று தானாக விழ வேண்டும். விழாவிட்டால் பாக்ஸ் பெரிது, வேறு பேச்சே இல்லை. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் வளையம் பின்னால் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

பாக்ஸையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 20 கிலோ பாக்ஸ், 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், ஏறக்குறைய 280 கிலோ எடையின் விசையோடு சீட்டின் முதுகில் மோதும். அந்தச் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இரும்பு எல் தகட்டைப் பின்சுவரில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பொருத்துங்கள். தரையில் புதிதாகத் துளைத்தே ஆகவேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் துளையுங்கள். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் அந்தப் பக்கம்தான் போகும்.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

வண்டியை அணைத்துப் பூட்டி அரை மணி கழித்து ஆம்ப்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் ரிமோட் ஒயர் நிரந்தர மின்சாரத்தில் மாட்டியிருக்கிறது. எரியவில்லையென்றால் பேட்டரி மைனஸில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக வைத்து அளங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பேட்டரிக்கே வயதாகியிருக்கலாம். அதிகமாக இருந்தால் ஆம்ப்பின் பியூஸைக் கழற்றி, எண் விழுகிறதா என்று பாருங்கள்.

மழைக்குப் பிறகு சத்தம் மாறிவிட்டது

என் வண்டியின் முதல் பாக்ஸை எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்தேன். கோடை முழுவதும் அருமையாக இருந்தது. ஐப்பசி மழையில் பின்கண்ணாடியின் ரப்பர் பீடிங் வழியாகச் சொட்டிய நீர் கீழே தேங்கி, அடிப்பலகை பிஸ்கட் மாதிரி ஊறி உப்பிவிட்டது. மூலை வாய்பிளந்து காற்று கசிந்ததால்தான் பேஸ் தளர்ந்திருக்கிறது. அதற்குள் ஆம்ப்பை மூன்று முறை கழற்றி மாட்டியிருந்தேன். இரண்டாவது பாக்ஸை ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளையில் செய்து, அடியில் நான்கு ரப்பர் கட்டைகள் வைத்துத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கினேன்.

உங்களுக்கும் இதே அறிகுறி என்றால் பாக்ஸைத் தொடுவதற்கு முன் தரைக் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பின்கண்ணாடியின் மீது குழாயால் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்கார வையுங்கள். கசிவை அடைத்து, கேபினை இரண்டு நாள் வெயிலில் கதவு திறந்து காயவைத்த பிறகு பாக்ஸை ஏற்றுங்கள்.